உங்களுக்குத் தெரியுமா? – டூலெட் போர்டு மாட்டுகிறவர்களுக்கு

வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு வாடகை சொல்லலாம்?’ என்பதைத்தான். ஆயிரம் ஐந்நூறு கூடக் குறைய இருந்தால் யாருக்கும் குடி முழுகிவிடாது. வீட்டுக்காரர்கள் காசைக் கோட்டை விடுவதெல்லாம் பெரும்பாலும் ஆள் குடிவருகிற அன்றும் காலி செய்கிற அன்றும்தான். எழுத வேண்டியதை எழுதியிருக்க மாட்டார்கள், பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் வீடோ கடையோ வைத்திருப்பவர்களுக்காகச் சில தகவல்கள்.

● வாடகை ஒப்பந்தத்தை ஏன் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள்? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலக அலைச்சலையும் செலவையும் தவிர்க்க நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் 11. ஆனால் தமிழ்நாட்டில் அந்த எண்ணுக்கு இப்போது பழைய மவுசு இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடமும் பதிய வேண்டும். அந்த அமைப்பு என்பது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். “நம்ம தெரிஞ்சவங்கதானே, பேப்பர் எதுக்கு?” என்று விட்டவர்கள்தான் பிற்பாடு வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

● 2017 சட்டத்துக்கு முன்பு இங்கே அமலில் இருந்தது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி வீட்டுக்காரர் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கலாம் தெரியுமா? ஒரே ஒரு மாத வாடகை. சென்னையில் ‘பத்து மாச அட்வான்ஸ்’ கொடிகட்டிப் பறந்த காலமெல்லாம் இந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலம்தான்! புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற ஒரு வாசலைத் திறந்துவைத்து. அட்வான்ஸைத் திருப்பித் தரவும் கெடு உண்டு: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு தந்துவிட வேண்டும். ‘அடுத்த குடி வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்’ என்பது ஊர் வழக்கமே தவிர சட்டத்தில் இல்லை.

● மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ஆம் தேதி ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்கு இரண்டு மாதம், கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆறு மாதம் என்று அட்வான்ஸுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பெயரிலேயே ‘மாதிரி’ இருப்பதைக் கவனியுங்கள். ஒரு மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் அங்கே செல்லும். வாட்ஸ்அப்பில் ‘இனி ரெண்டு மாசம்தான் அட்வான்ஸ்’ என்று சுற்றிவருகிற செய்தி இதிலிருந்து பிறந்ததே.

● வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்றால் கணக்கு சரியாக 2 லட்சம். அதை நோட்டுக் கட்டாகக் கையில் வாங்கினால் வருமான வரிச் சட்டம் குறுக்கே வரும். 2017 ஏப்ரல் முதல் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால் வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரலாம். இன்றைக்கு ஒரு லட்சம், நாளைக்கு ஒரு லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் விவகாரம் ஒன்றுதானே என்று கேட்பார்கள். கொடுப்பவருக்கு அல்ல, வாங்குபவருக்குத்தான் அபராதம்.

● காலி செய்கிற அன்று நடக்கிற நாடகத்தைப் பார்க்காத தெரு கிடையாது. மினி லாரியில் பீரோ ஏறிவிட்டது. வீட்டுக்காரர் அறை அறையாக நடந்து, டி.வி. மாட்டியிருந்த சுவரில் நான்கு ஓட்டை, சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு, பிள்ளை கிரேயானால் வரைந்த ரயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஒரு மாச வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிச்சுக்கறேன் சார்” என்பார். “அஞ்சு வருஷம் இருந்திருக்கோம், நீங்க ஒரு தடவைகூட வெள்ளையடிக்கலையே சார்” என்பார் இவர். யார் சொல்வது சரி? 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் தலையில்தான் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது வேறு விஷயம். எழுதாமலே ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வெறும் பழக்கதோஷம். பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் எவ்வளவு, எதற்கு, எத்தனை வருஷம் இருந்தால் பிடிக்க மாட்டீர்கள் என்பதைக் குடிவரும்போதே எழுதிவிடுங்கள். லாரி கிளம்புகிற நேரத்தில் பேசுகிற பேச்சில்லை இது.

● அதே அட்டவணை இன்னும் பல சண்டைகளைத் தீர்த்துவைக்கிறது, பிரித்துப் பார்ப்பவர்தான் இல்லை. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் ‘பராமரிப்பு இரண்டாம் அட்டவணைப்படி’ என்று ஒரே வரி போட்டால் போதும்.

● தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. அதாவது, ரீடிங் எடுத்த மறுநாளிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிற யூனிட்டுகள் அடுத்த பில் வரும்வரை யார் கண்ணிலும் படாது. நடுவில் ஒருவர் காலி செய்தால் ஐம்பது நாள் ஏ.சி. ஓடிய பணம் மீட்டருக்குள் தூங்கும். பில் வரும்போது அவர் வேறு ஊரில் இருப்பார். சாவி கை மாறும்போது மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. கடைசியாகக் கட்டிய பில்லின் ரீடிங்கைக் கழித்தால் எத்தனை யூனிட் என்று அங்கேயே தெரிந்துவிடும். தயவு தாட்சண்யம் பார்த்து இதை விடாதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில். மின்வாரியத்துக்குக் குடியிருப்பவர் யார் என்பது தேவையே இல்லை.

இன்னொன்று. பழைய வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் ஈ.பி. பாக்கியை வாங்கும் முன்பே பாருங்கள். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்க மின் வாரியத்தின் விதிகள் இடம் கொடுத்தால் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிவிட்டது.

● கீழ்த்தளம், மாடி இரண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர், மாடிக்கு சப்-மீட்டர். இந்த ஏற்பாட்டில் வீட்டுக்காரர் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார். நிஜத்தில் நஷ்டப்படுகிறார். 2016 மே மாதம் வந்த 100 யூனிட் இலவசம் இணைப்புக்கு ஒன்றுதான். தனி இணைப்பு வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் கிடைத்திருக்கும். அதைவிடப் பெரிய அடி படிநிலையில் விழுகிறது. ஆளுக்கு 300 யூனிட் என்றால் தனித்தனியாக இருவரும் மலிவான வரிசையில் நிற்பார்கள். சேர்த்து 600 ஆகி 500-ஐத் தாண்டியதும் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடுகிறது. இந்த வித்தியாசத்தையும் சேர்த்து மாடிக்காரரிடம் ‘யூனிட்டுக்கு எட்டு ரூபாய்’ என்று வசூலித்தால், அவர் நல்லவராக இருந்தாலும் நாலாம் மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

● மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொது இணைப்புக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டண வகை வந்தது. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு மறு ஆண்டு அது குறைக்கப்பட்டது. உங்கள் கட்டடம் அந்தக் கணக்கில் வருகிறதா என்று பழைய பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

● வாடகை பாக்கி வைத்தவரை வழிக்குக் கொண்டுவர மோட்டார் ஸ்விட்சை அணைப்பது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற பழைய வைத்தியங்கள் இப்போது வைத்தியருக்கே ஆபத்து. தண்ணீர், மின்சாரம் உள்ளிட்ட அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் நேராகச் சொல்கிறது. குடியிருப்பவர் புகார் கொடுத்தால், முதலில் இணைப்பைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார்.

● உங்கள் வீடாகவே இருந்தாலும் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சும்மா ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா’ என்கிற வீட்டுக்காரம்மாக்கள் கவனிக்க.

● வாடகையை ரெண்டு மாதம் தராமல் இழுத்தால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போகலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அவர் தப்பித்தார். ஒப்பந்தம் முடிந்து, உத்தரவும் வந்து, அப்போதும் நகர மறுத்தால் அதற்குப் பிறகு இருக்கிற காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுதிக்கொடுத்த சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் காலி செய்யச் சொல்வதற்குத் தகுந்த காரணமே.

● ‘பன்னிரண்டு வருஷம் ஒரே ஆளை வைத்திருந்தால் வீடு அவருக்கே போய்விடும்’. இந்த ஒரு பயத்தில் நல்ல குடித்தனக்காரரை விரட்டியவர்கள் எத்தனையோ பேர். பயம் வீண். அனுபவப் பாத்தியதை கோருகிறவர் உரிமையாளருக்கு எதிராக, அவர் உரிமையை மறுத்து இருந்திருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். உங்களை உரிமையாளர் என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டு, பிறகு இல்லை என்று சொல்லச் சாட்சியச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. இருபது வருஷம் இருந்தாலும் இதே கதைதான். ஆனால், அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வாடகை உறவு முடிந்த நாளிலிருந்து வீட்டை மீட்க வழக்குப் போட 12 ஆண்டு கெடு. ஒப்பந்தம் முடிந்து, வாடகையும் வராமல், ‘போகட்டும்’ என்று காலத்தை ஓட்டுகிறவர்தான் பயப்பட வேண்டும். மாதா மாதம் வங்கி வழியாக வாடகை வருகிறவருக்குக் கவலை இல்லை. ரசீது கொடுப்பது குடியிருப்பவருக்குச் செய்கிற உதவி என்று நினைக்கிறோம். உங்கள் உரிமைக்கான சாட்சியும் அதுதான்.

● சென்னை வேளச்சேரியில் 2012 பிப்ரவரி 23-ஆம் தேதி நள்ளிரவில் நடந்த என்கவுன்டரில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் இருந்தது வாடகை வீட்டில். அதன் பிறகுதான் குடியிருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி சென்னை மாநகரக் காவல் துறை உத்தரவு போட்டது. ஆதார் நகலை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது வேறு, காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது வேறு.

● வாடகையே இல்லாமல் மொத்தமாக ஐந்து லட்சம், பத்து லட்சம் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வதை நம் ஊரில் ‘லீஸ்’ என்கிறோம். தென்கொரியாவிலும் கிட்டத்தட்ட இதே முறை நாடு முழுக்க இருக்கிறது. அங்கே பெயர் ஜியோன்சே. அங்கே வீட்டு விலை இறங்கியதும், அடுத்த குடியின் பணத்தில் முந்தைய குடிக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்த உரிமையாளர்கள் பலர் கையை விரித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. லீஸ் பணத்தில் மகள் கல்யாணத்தை முடிக்கிற நம் வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணம் வருமானமல்ல, வட்டியில்லாக் கடன். மூன்றாம் வருஷம் அவர் ‘காலி பண்றேன் சார்’ என்று வந்து நிற்கும்போது வங்கியில் அது இருக்க வேண்டும்.

ஒத்தி, போக்கியம் என்பது இதிலிருந்து சட்டப்படி வேறு. அது அடமானம். பதிவு செய்யாத ஒத்திக்கு மதிப்பில்லை.

● 80 லட்சத்துக்கு வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு 20,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,40,000. மூன்று சதவீதம் என்று சந்தோஷப்படலாமா? குடி மாறும்போது ஒரு மாதம் சும்மா கிடந்தால் 20,000 போச்சு. சொத்து வரியும் தண்ணீர் வரியும் 8,000 என்று வையுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 40,000 ரூபாய்க்குப் பெயின்ட் அடித்தால் வருஷத்துக்கு 13,000 சொச்சம். மோட்டார், குழாய், கசிவு என்று ஒரு 10,000. மிச்சம் 1,89,000 சுமார். சதவீதத்தில் 2.4-ஐத் தொடவில்லை. இதில் வருமான வரி, புரோக்கர் கமிஷன் எதையும் நான் தொடவே இல்லை. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் வட்டி இதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஓடும்.

வீட்டில் முதலீடு செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நிலத்தின் விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர் அதை நம்பித்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ‘ஈ.எம்.ஐ.-யை வாடகையே கட்டிடும்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், எந்த வீட்டில், எந்தத் தெருவில் அப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

மேலே போட்ட கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போகிற 20,000 என்பது மாத வாடகையில் 1,600 ரூபாய் குறைத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். பேச்சிலருக்கு இல்லை, அசைவத்துக்கு இல்லை, நாய் கூடாது, குழந்தை சத்தம் கூடாது என்று வடிகட்டி வடிகட்டி மூன்று மாதம் வீட்டைப் பூட்டிவைக்கிறவர், அந்தக் கொள்கைக்கு வருஷ வருமானத்தில் கால்வாசியைக் கப்பம் கட்டுகிறார்.

● வாடகை வருமானத்துக்கு வரி போடும்போது சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று அரசே தள்ளுபடி தருகிறது. பைசா செலவு செய்யாவிட்டாலும் 30 உண்டு. மொட்டை மாடிக்குத் தளம் போட்டு ரெண்டு லட்சம் செலவழித்தாலும் அதே 30-தான். பில்லைக் காட்டிப் பிரயோஜனமில்லை. மேலே சொன்ன வீடு பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருந்தால்: 2,40,000-இல் வரி 8,000 போக 2,32,000. அதில் 69,600 கழித்தால் வருமானமாகக் காட்ட வேண்டியது 1,62,400.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த 30 மாறவில்லை.

● சொத்து வரிக்கு ஒரு சூட்சுமம்: எந்த வருஷத்துப் பாக்கி என்பது பொருட்டில்லை, நீங்கள் எந்த வருஷம் கட்டுகிறீர்களோ அந்த வருஷக் கணக்கில் கழியும். கட்டாமல் வைத்திருந்தால் கழியாது. குடியிருப்பவர் கட்டினாலும் உங்களுக்குக் கழியாது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் சலுகை. பிந்தினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி.

● கைக்கு வராத வாடகைக்கும் வரி உண்டு, வர வேண்டிய தொகை என்ற கணக்கில். ஏமாற்றிவிட்டுப் போனவரின் பாக்கியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அவரைக் காலி செய்ய வைத்திருக்க வேண்டும் அல்லது அதற்கு முயன்றிருக்க வேண்டும்; வசூலிக்கச் சட்டப்படி நடவடிக்கை எடுத்திருக்கவும் வேண்டும். போனில் திட்டியது நடவடிக்கையில் சேராது.

● மனைவி பெயரில் வீடு வாங்கினால் வாடகைக்கு வரி குறையும் என்று ஆலோசனை சொல்ல ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். மனைவி தன் சம்பாத்தியத்திலோ தாய்வீட்டுப் பணத்திலோ வாங்கியிருந்தால் வாடகை அவர் வருமானம், சரி. கணவர் கொடுத்த பணத்தில் வாங்கியிருந்தால் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் வாடகை கணவர் கணக்கிலேயே சேரும். இருவரும் சேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் எழுதி, அவரவர் பணம் போட்டு வாங்குவதுதான் நேர்வழி.

● மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடியிருப்பவர் 2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். 2024 அக்டோபருக்கு முன்பு இது 5 சதவீதம். வீட்டுக்காரர் பான் எண் தராவிட்டால் பிடித்தம் பல மடங்கு ஏறிவிடும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியேறியவர் என்றால் கதையே வேறு: 50,000 என்ற வரம்பெல்லாம் கிடையாது. பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கும் 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும். மகன் டெக்சாஸில், வீடு தாம்பரத்தில், வாடகையை வசூலிப்பது அப்பா என்ற ஏற்பாடு உள்ள வீடுகள் எத்தனை! அங்கே குடியிருப்பவருக்கு இந்தப் பொறுப்பு தன் தலையில் இருப்பதே தெரியாது, நோட்டீஸ் வரும்வரை. குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. அதை வீட்டுக்காரர்தான் வாங்க வேண்டும்.

● குடும்பம் தங்குவதற்கு விட்ட வீட்டு வாடகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கடை வாடகைக்கு 18 சதவீதம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த 20 லட்சத்தில் வரியில்லாத வீட்டு வாடகையும் சேர்த்தி! கடைகளில் 12 லட்சம், வீடுகளில் 10 லட்சம் வருகிறவர் பதிவு செய்ய வேண்டும். வரி 12 லட்சத்துக்கு மட்டும். பதிவு செய்யாத சிறு கட்டட உரிமையாளர், ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனிக்கு இடம் விட்டால், 2024 அக்டோபர் 10 முதல் வரியைக் கட்டும் வேலை அந்தக் கம்பெனிக்கு.

● வீட்டை அப்படியே பெண்கள் விடுதியாக மாற்றிவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கூடக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். நடத்துபவர் வேறு ஒருவர், கட்டடம் மட்டும் உங்களுடையது என்றாலும் உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

● 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்; வாடகையும் அவர்களோடு போனது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் தர வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் கட்டடச் சேதத்தோடு, வீடு குடியிருக்க முடியாமல் கிடக்கும் காலத்து வாடகை இழப்புக்கும் இழப்பீடு உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் பாலிசி உங்கள் கட்டடத்துக்கு. குடியிருப்பவரின் ஃபிரிட்ஜ் மிதந்தால் அது அவர் பாடு, இதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது மரியாதை.

● வாடகை வீட்டை விற்கும்போது, பெயின்ட் அடித்த பில் எதற்கும் உதவாது; மேலே ஒரு தளம் எழுப்பிய பில் உதவும், அது வீட்டின் அடக்க விலையில் ஏறும். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்கும் வீட்டுக்கு லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிவைத்திருந்த உள்நாட்டுக்காரர்கள், பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுக்கலாம். இருபது வருஷத்துக்கு முந்தைய வீடென்றால் கொத்தனார் கொடுத்த துண்டுச்சீட்டுகூடக் காசு பெறும்.

● வாடகை வேண்டும், குடித்தனக்காரரும் புரோக்கரும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ரீட் என்று ஒன்று பங்குச்சந்தையில் இருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருக்கிற அறக்கட்டளைகள் இவை. இந்தியாவில் முதலாவது, எம்பசி, 2019 ஏப்ரலில் பட்டியலானது. பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையில் அதற்கு ஓர் அலுவலக வளாகம் உண்டு. 2023 மே மாதம் வந்த நெக்சஸ் கையில் வடபழநி விஜயா மால் இருக்கிறது. பகிர்ந்தளிக்கக் கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய்க்கு. கீசர் கெட்டுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஆனால் இதன் விலை தினமும் திரையில் ஏறி இறங்கும். சொந்த வீட்டுக்கு அந்தத் திரை இல்லாததால்தான் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.